பழைய படமும் திசுத் துண்டும்: பேராக்கில் நுரையீரலின் அரிய இரத்தக்குழாய்ப் புற்றைக் கண்டறிதல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒருவருடைய மார்பு எக்ஸ்ரேயில் சின்னச் சின்னப் புள்ளிகள் பலவாகத் தெரிந்தால் மருத்துவர் மனம் முதலில் காசநோயிடம்தான் போகும். போகவும் வேண்டும். மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டறியப்படுகிறது. மக்கள்தொகைக் கணக்கில் பங்கிட்டால், 25 லட்சம் பேர் வாழும் பேராக்கின் பங்கு 1,900 அளவில் வரும். இக்கட்டுரை எடுத்துக்கொண்ட நோயோ பத்து லட்சம் பேரில் ஒருவரிடம் காணப்படுவதாக மதிப்பிடப்படுவது. அதே முறையில் கணக்கிட்டால் மலேசியா முழுவதிலும் முப்பத்துச் சொச்சம் பேர். பேராக்கில் இரண்டு அல்லது மூன்று பேர். மாநிலத் தலைநகர் ஈப்போவில் முப்பது ஆண்டு பணியாற்றிய மார்புநோய் மருத்துவர் ஒருவர் ஒரு நோயாளரைக்கூடப் பார்க்காமல் ஓய்வுபெறலாம்.

அந்த நோயின் பெயர் எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா. சுருக்கமாக இ.எச்.இ. என்போம். இரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் செல்களிலிருந்து எழும் புற்று இது. ஈரல், நுரையீரல், எலும்பு ஆகிய மூன்றிலும் அதிகமாகத் தோன்றும். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று உறுப்புகளில் சேர்ந்தும் இருக்கும். நுரையீரலில் வரும்போது நடுவயதுப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோருக்கு இருமலோ மூச்சிறைப்போ இருப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் அது தலைகாட்டும்.

என் வாதம் இது. இந்த நோயைக் கண்டறிவதில் வரும் தாமதத்தை மருத்துவரின் அறியாமை என்று எழுதி முடித்துவிடக் கூடாது. காசநோய் என்று தொடங்கியது சரியான தொடக்கம். எந்தக் கட்டத்தில் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்ற வரையறை இல்லாததில்தான் தாமதம் பிறக்கிறது. அப்படியொரு வரையறைக்கு இரண்டு சான்றுகள் வேண்டும். ஆண்டுக்கணக்கான இடைவெளியில் எடுத்த பழைய படங்கள் ஒன்று. போதிய அளவில் எடுத்த திசு மற்றொன்று. பேராக்கின் முன்னாள் ரப்பர் தோட்டக் குடும்பங்களைப் பொறுத்தவரை முதலாவது தொலைந்துபோகும்படியும் இரண்டாவது தள்ளிப்போகும்படியும் வரலாறு அமைந்துவிட்டது.

தவறாக வைத்த பெயர்

இந்நோயின் மருத்துவ வரலாறே ஒரு தவறான அடையாளத்தில்தான் தொடங்குகிறது. 1975ல் அமெரிக்க நோயியல் அறிஞர்கள் டேவிட் டெய்ல், அவெரில் லீபோ இருவரும் இதை விவரித்தபோது, மூச்சுச் சிற்றறைகளின் மேற்பூச்சுச் செல்களில் தோன்றி இரத்தக்குழாய்களுக்குள் புகுந்து வளரும் புற்று என்று கருதினார்கள். அந்தக் கருத்தையே அதற்குப் பெயராகவும் வைத்தார்கள். லீபோ அக்காலத்தில் நுரையீரல் நோயியலின் முதல் வரிசை ஆசான். நுண்ணோக்கியின் கீழ் அவர் கண்ட காட்சியில் பிழையில்லை. குழாய்க்குள் செல்கள் இருந்தன. அவை வெளியிலிருந்து உள்ளே வந்தவையா, அங்கேயே பிறந்தவையா என்பதைச் சாதாரணச் சாயத்தால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

1979ல் பிரையன் காரின் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியின் துணையோடு இதை ஆராய்ந்து, இச்செல்கள் இரத்தக்குழாய்ச் சுவரைச் சேர்ந்தவை என்று சுட்டினார்கள். குழாயின் உட்சுவர்ச் செல்களுக்கே உரிய சிறு கோல் வடிவ நுண்ணமைப்புகளை எவால்ட் வைபலும் ஜார்ஜ் பலாடியும் 1964லேயே விவரித்திருந்தார்கள். புற்றை மனத்தில் வைக்காமல் செய்த அந்த அடிப்படை ஆய்வு இங்கே அடையாளச் சீட்டாகப் பயன்பட்டது. 1982ல் ஷாரன் வைஸ், ஃபிரான்ஸ் என்சிங்கர் இருவரும் மென்திசுக்களில் தோன்றிய 41 கட்டிகளை ஆராய்ந்து இன்றைய பெயரைச் சூட்டினார்கள். வேறு புற்றாக இது அடிக்கடி தவறாக எண்ணப்படுகிறது என்ற எச்சரிக்கையைத் தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே சேர்த்திருந்தார்கள்.

மரபணுச் சான்று முழுமையாக வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒன்றாம் குரோமோசோமும் மூன்றாம் குரோமோசோமும் தம்முள் துண்டு மாற்றிக்கொள்வது 2001ல் கவனிக்கப்பட்டது. அந்த மாற்றத்தில் ஒட்டிக்கொள்ளும் இரண்டு மரபணுக்கள் எவை என்பதை 2011ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன. டபிள்யூ.டபிள்யூ.டி.ஆர்.1, காம்டா1 என்பன அவை. பத்தில் ஒன்பது இ.எச்.இ. கட்டிகளில் இந்த ஒட்டு மரபணு இருக்கிறது. மீதியில் பெரும்பாலானவற்றில் யாப்1, டி.எஃப்.இ.3 என்ற வேறு ஒட்டு இருப்பது 2013ல் தெரியவந்தது. 2012ல் வந்த இன்னொரு முடிவும் முக்கியமானது: ஒரே நோயாளரின் ஈரலில் பல இடங்களில் இருந்த கட்டிகளை ஒப்பிட்டபோது மரபணு முறிந்த இடம் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. பல இடங்களில் தனித்தனியாக முளைத்தவையாகத் தோன்றினாலும் அவை ஒரே மூலத்திலிருந்து பரவியவை.

இந்த வரலாற்றை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திசுவைக் கையில் வைத்துக்கொண்டே உலகின் தலைசிறந்த கண்கள் தவறிய நோய் இது. பேராக்கின் சுங்கை சிப்புட்டிலோ தாப்பாவிலோ வெறும் எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் என்று எழுதும் இளம் மருத்துவரைக் குற்றவாளியாக்குவது நியாயமுமாகாது, பயனும் தராது.

படம் எங்கே ஏமாற்றுகிறது

சி.டி. ஸ்கேனில் நுரையீரல் இ.எச்.இ. பெரும்பாலும் இரு பக்கமும் பல முடிச்சுகளாகத் தெரியும். பல ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியவை. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுவது குறைவு. சிறு இரத்தக்குழாய்களையும் மூச்சுக்குழல்களையும் ஒட்டி அவை அமையும். சிலவற்றில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இந்த விவரிப்பைக் கேட்கும் எந்தக் கதிரியக்க மருத்துவரும் ஆறிய காசநோய், பூஞ்சைத் தொற்று, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று என்று வரிசையாகச் சொல்வார். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளில் வௌவால் குகைகள் நிறைய. வௌவால் எச்சத்தில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையும் நுரையீரலில் இதே போன்ற சுண்ணாம்பு முடிச்சுகளை விட்டுச்செல்லும். ஆகவே ஈப்போவில் அந்த வரிசையின் எந்தப் பெயரும் வெறும் பாடநூல் பெயரல்ல.

மெல்ல வளர்வதுதான் இந்த நோயின் பெரிய மறைப்பு. சிலரிடம் முடிச்சுகள் ஆண்டுக்கணக்கில் அளவு மாறாமல் நிற்கும். அப்படி நின்றால் "பழைய டிபி தழும்பு" என்ற முடிவு இன்னும் உறுதிப்பட்டுவிடும். இதைவிடச் சங்கடமான ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர் கிட்டாயிச்சியும் உடனாய்வாளர்களும் 1998ல் பதிவுசெய்தார்கள். அவர்கள் ஆராய்ந்த 21 நுரையீரல் இ.எச்.இ. நோயாளர்களில் மூவரிடம் கட்டிகள் தாமாகவே ஓரளவு சுருங்கின. இந்தத் தகவலைப் பேராக்கின் மருத்துவ அறைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். காசநோய் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது முடிச்சு ஒன்று தானாகச் சுருங்கினால், "மருந்துக்குக் கேட்டிருக்கிறது" என்றுதான் யாரும் எழுதுவார்கள். அசையாமல் நின்றால் தழும்பு, சுருங்கினால் குணம் என்று, நோயின் இரண்டு இயல்புகளுமே தவறான முடிவுக்குச் சாட்சி சொல்கின்றன.

காசநோய்ச் சிகிச்சையின் நடைமுறையும் இதற்கு இடம் கொடுக்கிறது. சளியில் கிருமி காணாமலே, அறிகுறியையும் படத்தையும் கொண்டு சிகிச்சை தொடங்குவது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நுரையீரல் காசநோயாளர்களில் 63 விழுக்காட்டினருக்கே கிருமிச் சான்று இருந்தது. மீதிப் பேருக்குச் சிகிச்சை கொடுத்திராவிட்டால் பலர் இறந்திருப்பார்கள். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நான்கு மருந்துகளை இரண்டு மாதமும், இரண்டு மருந்துகளை அடுத்த நான்கு மாதமும் கொடுத்து முடித்தபின், சான்றே இல்லாமல் தொடங்கிய முடிவை மறுபடி கேள்விக்கு உட்படுத்த யாருக்குப் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி. சிகிச்சை முடிந்தது என்று அட்டையில் முத்திரை விழுந்ததும் அந்தக் கோப்பு மூடப்படுகிறது. நோயாளருக்கும் நிம்மதி.

எனவே வெளியேறும் வழியைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். சளியில் நுண்ணோக்கி, வளர்ப்பு, மூலக்கூறு சோதனை மூன்றிலும் கிருமி இல்லை. முடிச்சுகள் இரு பக்கமும் பலவாக, உருண்டையாக, குழாய்களை ஒட்டி இருக்கின்றன. குழிவு இல்லை, காய்ச்சல் இல்லை. இப்படிப்பட்டவருக்குக் காசநோய் மருந்து தொடங்கலாம். ஆனால் இரண்டாம் மாத முடிவில் பழைய படங்களைத் தேடி எடுத்து ஒப்பிட்டாக வேண்டும். ஆறாம் மாத முடிவில் முடிச்சுகள் அப்படியே இருந்தால், தழும்பு என்று எழுதும் முன் ஈரலை அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையிலேயே செய்யக்கூடிய, செலவு குறைந்த சோதனை அது. ஈரலின் ஓரத்தில், உறையை ஒட்டிக் கட்டிகள் தெரிந்தால் நிலைமை அடியோடு மாறிவிடும். நுரையீரலை அறுக்காமல் ஈரலிலிருந்தே ஊசியால் திசு எடுத்துவிடலாம்.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரிந்ததே. காசநோய்த் தழும்போடு ஆயிரக்கணக்கானோர் வாழும் நாட்டில், அரிய நோய் ஒன்றுக்காக எல்லாரையும் அறுவை மேசையில் படுக்க வைப்பதா? கூடாது. நுரையீரலில் துண்டு எடுப்பது சிறிய காரியமில்லை. மயக்க மருந்தின் ஆபத்தும் காற்றுக் கசிவும் தொற்றும் அதில் உண்டு. அதனால்தான் பழைய படத்துக்கு இத்தனை அழுத்தம் தருகிறேன். 15 ஆண்டுக்கு முன்பே அதே முடிச்சுகள் அதே இடத்தில் அதே அளவில் இருந்தனவென்றால் பெரும்பாலானோரைத் தொந்தரவில்லாமல் விட்டுவிடலாம். அன்று வெறுமையாக இருந்த நுரையீரலில் இன்று இருபது முடிச்சுகள், காய்ச்சலும் இல்லை, கிருமியும் இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது. இந்த இரண்டு நிலைகளையும் பிரித்துக் காட்டுவதற்குப் பழைய படத்தைவிட மலிவான கருவி கிடையாது.

திசுவுக்குள்ளும் ஒரு பொறி

திசு எடுத்துவிட்டால் உண்மை தானாக வெளிவந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். மூச்சுக்குழல் வழியாகக் குழாய்விட்டு எடுக்கும் மிகச் சிறு துண்டுகளில் இந்த நோய் பல வேளைகளில் சிக்காது. ஊசி வழியாக எடுத்தாலும் ஊசி எங்கே தைக்கிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். இ.எச்.இ. முடிச்சின் நடுப்பகுதி செல்கள் அற்றுக் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். உயிருள்ள செல்கள் விளிம்பில்தான் நெருங்கியிருக்கும். நடுவில் ஊசி தைத்தால் கிடைப்பது செல்லற்ற இறுகிய பொருள். அதற்கு நோயியல் மருத்துவர் எழுதக்கூடியது "ஆறிய அழற்சித் தழும்பு" என்பதே. படம் சொன்ன பொய்யைத் திசுவும் வழிமொழிந்துவிடும். ஆதலால், ஈரலில் கட்டி இல்லாதபோது, மார்பில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாக நுரையீரலின் ஓரத்திலிருந்து முடிச்சு முழுவதையும் அதன் விளிம்போடு சேர்த்து எடுப்பதே நம்பத்தக்க வழி. அனுப்பும் மருத்துவர் கோரிக்கைத் தாளில் "காசநோய்ச் சிகிச்சை முடிந்தும் மாறாத பல முடிச்சுகள், இரத்தக்குழாய்க் கட்டியா என்று பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதினால் போதும், ஆய்வுக்கூடத்தின் தேடலே திசைமாறும்.

விளிம்பு கிடைத்தால் காட்சி தெளிவானது. வரிசையாகவும் சிறு கூட்டமாகவும் செல்கள் வழுவழுப்பான நிலைப்பொருளுக்குள் கிடக்கும். சில செல்களுக்குள் ஒரு சிறு குழி இருக்கும். அதனுள் சிவப்பணுவின் துணுக்கு ஒன்று தெரிவதும் உண்டு. ஒற்றைச் செல் தனக்குள்ளேயே ஒரு குழாயைக் கட்டிக்கொள்ள முயன்றதன் தடயம் அது. மூச்சுச் சிற்றறைகளுக்குள் கட்டி சிறு மொட்டுகளாக நீட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து நோயெதிர்ப்புச் சாயங்கள். சி.டி.31, சி.டி.34, ஈ.ஆர்.ஜி. ஆகியவை ஏற்றால் குழாய்ச் செல் என்று உறுதியாகும். இங்கேயும் ஒரு தடுமாற்றம் காத்திருக்கிறது. கணிசமான இ.எச்.இ. கட்டிகள் சைட்டோகெரட்டின் சாயத்தையும் ஏற்கும். அது மேற்பூச்சுப் புற்றுகளுக்கான சாயம். குழாய்ச் சாயங்களைப் போட நினைக்காத ஆய்வுக்கூடத்திலிருந்து "அடினோகார்சினோமா, மூலம் தெரியவில்லை" என்ற அறிக்கை வந்துவிடும். அதன்பின் மார்பகம், குடல், சூலகம் என்று உடல் முழுவதும் தேடல். பிறகு பொருந்தாத கீமோதெரபி. காசநோய் மருந்து தேவையில்லாமல் ஈரலைச் சோதிப்பதைவிட இது கொடிது.

காம்டா1 புரதம் செல்லின் கருவுக்குள் இருப்பதைக் காட்டும் சாயம் 2011ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பின் நேரடிப் பயன். மரபணுவைப் பிரித்துப் படிக்கும் விலையுயர்ந்த சோதனை இல்லாத இடத்திலும், ஒரு கண்ணாடித் தகட்டில் இந்த ஒரு சாயத்தைப் போட்டுப் பெரும்பாலான கட்டிகளை உறுதிசெய்ய முடியும். ஆஞ்சியோசார்கோமா என்னும் கொடிய குழாய்ப் புற்றிலிருந்து இதைப் பிரிக்கவும் அது உதவுகிறது. அந்தப் பிரிவினை நோயாளருக்கு உயிரளவு முக்கியம். நுரையீரலில் தென்படும் ஆஞ்சியோசார்கோமா பெரும்பாலும் இதயத்திலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ பரவி வந்தது. சில மாதங்களில் ஆளைக் கொண்டுபோவது. இ.எச்.இ.யோடு பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

தோட்டம் கலைந்தபோது

பழைய படம் என்று இவ்வளவு எளிதாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அது யாரிடம் இருக்கிறது?

1877ல் ஹியூ லோ பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தபோது கோலகங்சாரில் நட்ட நாற்றுகளிலிருந்து மலாயா ரப்பரின் வரலாறு தொடங்குகிறது. அந்த மரங்களைச் சுற்றி எழுந்த தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறை லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்து பால் வெட்டினார்கள். தோட்ட மருத்துவம் அன்றைக்கு டிரஸ்ஸர் ஐயா எனப்பட்ட மருத்துவ உதவியாளரின் கையில் இருந்தது. மலேரியாவுக்கும் பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் அவரே முதல் ஆள். அந்த மருத்துவத்தின் போதாமைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் யாருக்கு எந்த ஆண்டில் இருமல் வந்தது, யார் வீட்டில் டிபி இருந்தது, யாரை ஈப்போவுக்குப் படம் எடுக்க அனுப்பினார்கள் என்ற நினைவு அவரிடமும் அவருடைய பதிவேட்டிலும் இருந்தது. ஒரே லயத்தில் முப்பது ஆண்டு வாழ்ந்தவரின் உடல் வரலாறு ஒரே இடத்தில் கிடந்தது.

1980களிலிருந்து ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். நிலத்தை வீடமைப்புக்கும் விற்றார்கள். சுங்கை சிப்புட், செம்மோர், பீடோர், சுங்காய், தெலுக் இந்தான் வட்டாரக் குடும்பங்கள் குடியிருப்புத் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சிதறின. பிள்ளைகள் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். டிரஸ்ஸரின் பதிவேடு அவர்களோடு போகவில்லை. இன்று ஐம்பது வயதில் இருக்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். சிறுவயதில் அப்பாவுக்கு டிபி என்று குடும்பத்தையே படம் எடுத்தது ஒரு மருத்துவமனையில். சிங்கப்பூரில் வேலை அனுமதிக்காக எடுத்தது அந்த ஊரின் தனியார் கிளினிக்கில். தொழிற்சாலை வேலைக்காக எடுத்தது பினாங்கில். இப்போது ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் எடுக்கும் படம் நான்காவது. நான்கும் நான்கு இடத்தில் கிடக்கின்றன. நான்கையும் ஒரே மருத்துவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏற்பாடு கிடையாது. இந்தப் பெண் நான் வாதத்துக்காக அமைத்த உரு. ஆனால் இந்த நான்கு படங்களின் பாதை பேராக்கின் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருடைய பாதை.

திசுவின் தள்ளிப்போதலும் இதே சிதறலோடு பிணைந்தது. துண்டு எடுக்கும் அறுவை, மார்பறுவை மருத்துவரும் அதற்குரிய கருவியும் உள்ள பெரிய மருத்துவமனையில்தான் நடக்கும். நாள்கூலிக்குப் போகிறவர் ஒரு முறை போய்வர ஒரு நாள் கூலியை இழக்கிறார். இருமல் இல்லை, வலி இல்லை. டிபி மருந்து சாப்பிட்டாயிற்று. டாக்டரும் "தழும்புதான்மா" என்றிருக்கிறார். இந்த நிலையில் நெஞ்சில் துளை போட்டுத் துண்டு எடுக்க வாருங்கள் என்று அழைத்தால் வர மறுப்பவரை அறியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் வரவேண்டும் என்பதை அவருக்குப் புரியும் தமிழில், அவசரமில்லாமல் யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஈப்போவில் மார்புநோய் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் 2008 முதல் 2018 வரை சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், தோட்ட மக்களின் நிலத்தையும் கூலியையும் உடல்நலத்தோடு சேர்த்தே பேசிவந்தவர். நோய் கண்டறிதலிலும் அந்தச் சேர்க்கை இருக்கிறது என்பதே என் கருத்து.

காரணத்தைக் கேட்கும்போது

நோய்ப் பெயர் உறுதியானதும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, "இது எதனால் வந்தது?" என்பது. இ.எச்.இ.க்கு உறுதிப்பட்ட சூழல் காரணம் எதுவும் இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பேராக்கில் அந்தப் பதிலோடு நிறுத்த முடியாத ஒரு சூழல் உண்டு.

இரத்தக்குழாய்ப் புற்றுகளின் குடும்பத்தில் வெளிக்காரணம் தெளிவாகத் தெரிந்தவற்றில் ஈரலின் ஆஞ்சியோசார்கோமா ஒன்று. மூன்று பொருள்கள் அதோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. பி.வி.சி. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வினைல் குளோரைடு முதலாவது. அமெரிக்காவின் லூயிவில் நகர ஆலைத் தொழிலாளர்களிடம் 1974ல் அது வெளிப்பட்டது. இரண்டாவது ஆர்சனிக், ஜெர்மனியின் திராட்சைத் தோட்டங்களில் ஆர்சனிக் பூச்சிமருந்து தெளித்தவர்களிடம் காணப்பட்டது. மூன்றாவது தோரியம் டையாக்சைடு. 1930கள் முதல் 1950கள் வரை எக்ஸ்ரே படத்தில் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக நோயாளர் உடலில் ஏற்றிய மருந்து. அது ஈரலில் வாழ்நாள் முழுவதும் தங்கிக் கதிர்வீசியது.

இந்த மூன்றில் இரண்டு தனிமங்கள் பேராக்கின் மண்ணோடு தொடர்புள்ளவை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லை ஒழிக்கச் சோடியம் ஆர்சனைட் பல பத்தாண்டுகள் தெளிக்கப்பட்டது. மாடுகள் செத்ததும் மனிதர்கள் நஞ்சேறி இறந்ததும் உண்டு. 1960களில் அதனிடத்தைப் பாராகுவாட் பிடித்தது. பாராகுவாட் நுரையீரலை இறுகச் செய்து கொல்லும் நஞ்சு. புற்றோடு அதைக் குழப்பக் கூடாது. மலேசியா அதை 2002ல் தடைசெய்து, 2006ல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் முற்றிலும் தடைசெய்தது. தோட்டத்தில் மருந்து அடித்தவர்களில் பெண்கள் மிகுதி. தோரியமோ ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவின் கதை. வெள்ளீயச் சுரங்கக் கழிவில் கிடைக்கும் மொனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்க ஏஷியன் ரேர் எர்த் நிறுவனம் 1982ல் அங்கே ஆலையைத் தொடங்கியது. தோரியம் கலந்த கழிவை எதிர்த்து ஊர் மக்கள் 1985ல் வழக்குத் தொடுத்தார்கள். 1992ல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது; 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது; 1994ல் ஆலையை நிறுவனமே மூடியது. அச்சிறு ஊரில் குழந்தைகளுக்கு வந்த இரத்தப் புற்றைப் பற்றிய விவாதம் இன்றும் அடங்கவில்லை.

இவற்றை அடுக்கிவைத்து இ.எச்.இ.க்குக் காரணம் இதோ என்று சொல்வது அறிவியலுக்கு விரோதம். ஈரலின் ஆஞ்சியோசார்கோமா வேறு, நுரையீரலின் இ.எச்.இ. வேறு, இரண்டின் மரபணு அடித்தளமும் வேறு. உடலுக்குள் ஏற்றிய தோரியமும் ஆலைக் கழிவில் கிடக்கும் தோரியமும் ஒன்றாகா. ஆனால் தொடர்பு இல்லை என்று நிறுவவும் பதிவு வேண்டும். இரண்டு மூன்று நோயாளர்களே வாழக்கூடிய மாநிலத்தில் புள்ளிவிவரம் ஒருநாளும் பேசாது. நாடு முழுவதிலுமுள்ள முப்பது பேரின் தொழில் வரலாறும் ஒரே படிவத்தில் எழுதப்பட்டால்தான் ஏதேனும் தென்படும். அவர்களில் ஒருவர் காசநோய்ப் பதிவேட்டிலும், இன்னொருவர் மூலம் தெரியாத அடினோகார்சினோமா என்ற தலைப்பிலும் கிடந்தால் அந்தப் படிவம் பிறக்கவே பிறக்காது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு இந்நோயின் பன்னாட்டுக் குறியீடான 9133/3 என்ற எண்ணோடு போய்ச் சேரும் ஒவ்வோர் அறிக்கையும் ஆதலால் ஒரு சான்றாவணம்.

கண்டறிந்த பின் என்ன என்பதைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். ஏனென்றால் ஒரே தரமான சிகிச்சை இன்னும் உருவாகவில்லை. 2021ல் உலக அளவில் நிபுணர்கள் கூடி வெளியிட்ட கருத்திசைவு அறிக்கை, அறிகுறி இல்லாதவர்களைச் சிகிச்சையின்றிக் கண்காணிப்பதை ஏற்கத்தக்க வழியாகச் சொல்கிறது. ஒற்றைக் கட்டியென்றால் அறுவை. நோய் முன்னேறினால் சிரோலிமஸ் போன்ற மருந்துகள். நுரையீரல் உறையில் நீர் சேர்வது, இரத்தம் துப்புவது, எடை குறைவது ஆகியவை தீய அறிகுறிகள். புற்று என்று சொல்லிவிட்டு மருந்து தராமல் வீட்டுக்கு அனுப்பினால் "கைவிட்டுவிட்டார்கள்" என்று குடும்பம் நினைக்கும்; மந்திரித்துக் கட்டவும் மூலிகைக்கும் அலையும். கண்காணிப்பது என்றால் ஆறு மாதத்துக்கொரு முறை அதே இயந்திரத்தில் அதே முறையில் படம் எடுத்து அளந்து ஒப்பிடுவது என்பதை வீட்டாரை உட்காரவைத்து விளக்க வேண்டும். முன்பு தொலைந்துபோன படத் தொடர்ச்சியை இங்கிருந்தாவது கட்டத் தொடங்கலாம்.

ஆய்வாளர்கள் உடனே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. அறுவையிலும் ஊசியிலும் எடுத்த திசுக்கள் மெழுகுக் கட்டிகளாகப் பதப்படுத்தப்பட்டு நோயியல் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். காம்டா1 சாயம் வருவதற்கு முன் எடுக்கப்பட்டு, "இறுகிய தழும்பு" என்றோ "மூலம் தெரியாத அடினோகார்சினோமா" என்றோ முடிவெழுதப்பட்ட நுரையீரல், ஈரல் திசுக்களில் பல முடிச்சுகள் கொண்டவர்களுடையதை மட்டும் பிரித்து எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு புதிய தகடு வெட்டி, முதலில் ஈ.ஆர்.ஜி., அதை ஏற்பவற்றில் காம்டா1 என்று இரண்டு சாயம் போட்டால் போதும். பேராக்கில் தொடங்குவதானால் ஈப்போவின் மெழுகுக் கட்டிகளோடு, இங்கிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளையும் சேர்த்துத் தேட வேண்டும். அதில் ஒருவர் அகப்பட்டு அவர் உயிரோடும் இருந்தால், இன்றைய முகவரி எந்தத் தாமானாக இருந்தாலும் அழைத்துச் சொல்லும் கடமை அந்த ஆய்வுக்கு உண்டு. ஆய்வுத் திட்டத்தின் நெறிக்குழு விண்ணப்பத்திலேயே அதற்கான செலவையும் ஆளையும் எழுதிச் சேர்க்க வேண்டும்.